தீனி வைத்த கடிதம்

நான் வேலை பார்த்த கம்பெனி தண்ணீர் இறைக்கும் பம்பு செய்தது. ஆனால் அங்கே பம்பை விட உயர்ந்த சரக்கு ஒன்றும் தயாரானது. அது என் கைபட்டு வெளியே போன ஆங்கிலக் கடிதம். இப்படிச் சொன்னால் தற்பெருமை என்பார்கள். எப்படியும் சொல்லத்தான் போகிறார்கள் என்பதால் இன்னொரு தடவையும் சொல்லி வைக்கிறேன்: அந்தக் கம்பெனியின் மானம் முப்பத்தோரு வருஷம் என் சிவப்புப் பென்சிலின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எந்தக் கடிதமும் என் மேசையைத் தாண்டாமல் வெளியே போகக் கூடாது. இது விதி. பழைய முதலாளி ஒருநாள் சிரித்துக்கொண்டே, இவர் கண்ணில் படாமல் எதையும் அனுப்பாதீர்கள் என்றார். அவர் சிரித்ததை மட்டும் கழித்துவிட்டு மீதியை நான் விதியாக்கிக்கொண்டேன்.

பெரிய பெரிய சொற்களை நான் சீண்டுவதில்லை. இன், ஆன், அட், டு, ஃபார், ஆஃப் என்று சுண்டைக்காய் அளவில் சில சொற்கள் இருக்கின்றனவே, அவைதான் என் வேட்டை. தமிழில் நாம் 'இல்', 'ஆல்', 'கு' என்று சொல்லின் வாலில் ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். ஆங்கிலக்காரர்களோ வாலைக் கழற்றித் தலைக்கு முன்னால் நட்டு வைத்திருக்கிறார்கள். எந்தத் தலைக்கு எந்த வால் என்பதில் நீதி நியாயம் எதுவும் கிடையாது. உடம்பு சரியில்லாதவன் அவர்கள் கணக்கில் 'அண்டர் த வெதர்' என்று வானிலைக்கு அடியில் கிடக்கிறான். தீப்பிடித்த வீடு 'ஆன் ஃபயர்' என்று தீயின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் யாரோ ஒருவன் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் அந்த ஒருவன் நான்.

ஒருமுறை விற்பனைப் பிரிவில் ஒரு பையன், பம்பு ஒழுகுகிறது என்று வந்த புகாருக்கு 'லுக் இன்டு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'லுக் ஆஃப்டர்' என்று எழுதிவிட்டான். விசாரிக்கிறோம் என்பதற்குப் பதில் பேணி வளர்க்கிறோம் என்று ஆகிவிட்டது. நான் மட்டும் இல்லையென்றால் அந்தப் புகாருக்குப் பாலூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்திருப்போம்.

என் முறை எளிது. தப்பைச் சுற்றி ஒரு வட்டம். சரியான சொல் எது என்று எழுத மாட்டேன், கேட்டாலும் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால் மறுபடி என்னிடம் வர மாட்டார்களே. அவர்களாக யோசித்து, மாற்றி, புதிதாக அச்செடுத்துக் கொண்டுவர வேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் திரையில் பார்க்க மறுத்துவிட்டேன், திரையில் பென்சில் ஓடாது. ஒரு கடிதம் ஒன்பது தடவை திரும்பியதுண்டு. பம்பு கடல் தாண்டிப் போய், பொருத்தப்பட்டு, துருப்பிடித்து, பேரீச்சம்பழத்துக்குப் போன பிறகும், அது கிளம்பிவிட்டது என்று சொல்லும் கடிதம் என் மேசையில் இருந்தது. ஆபீசில் எனக்கு 'வட்டம்' என்று பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடிக்கும்.

வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துக்கொண்டு, ஓடையில் கல்லுக்குக் கல் தாவுகிறவன் மாதிரி, சின்னச் சொல்லிலிருந்து சின்னச் சொல்லுக்குத் தாவிப் போவேன். நடுவில் ஓடுகிற தண்ணீரைப் பார்ப்பதில்லை. கடிதம் எதைப் பற்றியது என்று கேட்டால் தெரியாது. அதற்குத்தான் மேலாளர் என்று ஒருவர் இருந்தாரே.

என் மனைவியின் தம்பியும் அதே கம்பெனியில்தான் இருந்தான். பேக்கிங் ஷெட்டில் சூப்பர்வைசர். வேலை வாங்கிக்கொடுத்தது நான்தான் என்று வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துவேன். மறந்துவிடக் கூடாதே என்ற அக்கறை. நல்ல உழைப்பாளி. ஆங்கிலம் மட்டும் அவனுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

ஒரு மத்தியானம் ஷெட்டில் பளு தூக்கும் சங்கிலி அறுந்து, பெட்டி ஒன்று கீழே விழுந்து, பாரம் ஏற்றும் ஆள் ஒருவரின் பாதம் நசுங்கிப் போயிற்று. சங்கிலி தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று மைத்துனன் மேலாளரிடம் இரண்டு தடவை நேரில் சொல்லியிருந்தான். ஷெட் நோட்டிலும் எழுதியிருந்தான். இந்த மாதம் ஓட்டு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்பதுதான் மேலாளரின் உத்தரவு. விபத்துக்கு மறுநாள் காலையில் அந்த நோட்டில் அந்தப் பக்கம் இல்லை. அன்று மத்தியானமே மைத்துனன் கையில் ஒரு மெமோ. உன்னை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது, மூன்று நாளில் எழுத்தில் விளக்கம் கொடு.

சாயங்காலம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நடந்ததை ஒன்றரைப் பக்கத்துக்குத் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். எந்தத் தேதியில் யாரிடம் சொன்னான், அவர் என்ன பதில் சொன்னார், பக்கத்தில் யார் நின்றார்கள், எல்லாம். என் மனைவி அதை நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. தமிழில் வட்டம் போட எனக்கு என்ன இருக்கிறது? டைப்பிஸ்ட் அம்மாவிடம் கொடு, ஆங்கிலத்தில் வரட்டும், வந்ததும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"உங்க கண்ணுதாங்க அவனைக் காப்பாத்தணும்," என்றாள் மனைவி.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் என் உத்தியோகத்தைப் பற்றி மரியாதையாகப் பேசியது அன்றைக்குத்தான். எனக்கு நெஞ்சு ஒரு முழம் விரிந்தது.

மறுநாள் பதினோரு மணிக்குக் கடிதம் மேசைக்கு வந்தது. அடடா, என்ன விருந்து. 'அக்யூஸ்ட் ஆஃப்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஃபார்'. 'ஆன் டூட்டி' இருக்க வேண்டிய இடத்தில் 'இன் டூட்டி'. மெமோவுக்குப் பதில் என்பதில் 'டு' போய் 'அபவுட்' வந்து உட்கார்ந்திருந்தது. மொத்தம் ஏழு. ஒரே கடிதத்தில் ஏழு கிடைப்பது அபூர்வம். ஒவ்வொன்றையும் ரசித்து வட்டம் போட்டேன். நடுவில் ஓரிடத்தில், பெரிய எழுத்தாளர்களே சறுக்குகிற ஒரு தொடர், அப்பழுக்கில்லாமல் வந்திருந்தது. அதன் தலையில் ஒரு டிக் போட்டேன். நான் டிக் போடுவது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. மத்தியானம் திருத்தி வந்தது. ஏழும் சரி. மறுநாள் நல்ல பிரதி வந்தது. மறுபடியும் ஏழையும் சரிபார்த்துக் கீழே என் சுருக்கொப்பம் வைத்தேன்.

மைத்துனன் கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். படித்துப் பார்த்துப் போடு என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அத்தான் கண் பட்ட காகிதத்தை நான் என்ன படிக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினான்.

விசாரணை அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. அந்த வாரமே அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்து, துக்கம் விசாரிக்கிற குரலில், உங்கள் மைத்துனரே ஒப்புக்கொண்டுவிட்டார், நான் என்ன செய்வது என்றார். விசாரணையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் என்று நான் புரிந்துகொண்டேன். அதையே வீட்டில் வந்து சொன்னேன். சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னேன். நான் பார்த்துக் கொடுத்த கடிதம் பத்தரை மாற்றுத் தங்கம், இவன் வாய்தான் கெடுத்தது என்று.

மனைவி தம்பிக்குப் போன் செய்து திட்டித் தீர்த்தாள். அவர் உனக்காக மூன்று தடவை உட்கார்ந்து பார்த்துக் கொடுத்தார், நீ அங்கே போய் உளறிவிட்டு வந்திருக்கிறாயே, உன்னை வைத்துக்கொண்டு எந்தச் சபையில் நான் தலைநிமிர்வது. அவன் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லையாம். திமிர் என்றாள். அதோடு அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது. வீட்டை விட்டுவிட்டு எங்கேயோ இரண்டு அறைக்கு மாறிப்போனான் என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டோம். இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். மாலை போட்டு, என் பென்சிலைப் பற்றி ஆளுக்கொரு வேடிக்கை சொன்னார்கள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். என்னை எண்ணித்தான் பூரிக்கிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதற்கும் நாலு வருஷம் கழித்து ஒருநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டோக்கன் எண்பத்து மூன்று, உள்ளே பதினாலு ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு பலகை. சுவரில் சாயாதீர்கள் என்பதை ஆங்கிலத்தில் எழுதப் போய், 'லீன்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'டு' போட்டிருந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நின்று, அந்த அறையில் இருந்த அத்தனை கண் நோயாளிகளுக்கும் அது 'டு' அல்ல, 'ஆன்' அல்லது 'அகெய்ன்ஸ்ட்' என்று விளக்கினேன். பாதிப் பேருக்குப் பலகையே தெரியவில்லை.

பின் வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா சிரித்தார்.

"அது நிஜத் தப்பு சார். தீனி இல்ல."

எங்கள் டைப்பிஸ்ட் அம்மா. அவரும் ஓய்வு பெற்றிருந்தார். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அது என்ன தீனி என்று கேட்டேன். இனிமேல் சொன்னால் என்ன என்கிற மாதிரி அவர் சாவகாசமாகச் சொன்னார்.

அவருக்கு முன்னால் இருந்த டைப்பிஸ்ட் வேலையை ஒப்படைக்கும்போது அலமாரிச் சாவியோடு சேர்த்து இந்த ரகசியத்தையும் ஒப்படைத்தாராம். வட்டம் சாரிடம் தப்பில்லாத கடிதத்தைக் கொடுத்தால் போச்சு, எதையாவது தேடிச் சரியான சொல்லுக்கே வட்டம் போட்டுவிடுவார், நாள் கணக்கில் இழுக்கும். ஆகவே கடிதத்துக்கு இரண்டு மூன்று தப்பை நாமே வைத்துவிட வேண்டும். வயிறு நிறைந்ததும் மேற்கொண்டு எதையும் பார்க்காமல் விட்டுவிடுவார். அதற்குப் பெயர் தீனி. அவசரக் கடிதம் என்றால் ஐந்து. எனக்கு அலுத்துவிடக் கூடாது என்று திங்கட்கிழமைக்கு இன்-ஆன், செவ்வாய்க்கிழமைக்கு டு-ஃபார் என்று இழுப்பறைக்குள் ஒரு பட்டியல்கூட ஒட்டியிருந்ததாம். வாசல் காவலாளி வரைக்கும் விஷயம் தெரியும். முப்பத்தோரு வருஷம் நான் காட்டில் வேட்டையாடினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஆட்டைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் நான் சிரித்தேன். இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்த மூளைக்கு மாலை போட வேண்டும் என்றுகூடச் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்: "எல்லாக் கடிதத்துலயுமா?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்க மைத்துனர் கடிதத்துல ஏழு போட்டேன் சார். மேலாளர் பக்கத்துலயே நின்னாரு. தாராளமா போடுன்னாரு."

"எதுக்கு?"

"நடுவுல ஒரு வரி அவரே சொல்லி அடிக்க வச்சாரு. அது உங்க கண்ணுல படக் கூடாதுன்னு."

உள்ளே பதினைந்தாம் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா குரலை இன்னும் தாழ்த்தினார்.

"மத்தவங்க கடிதத்தை நீங்க படிக்க மாட்டீங்க, அது எல்லாருக்கும் தெரியும். இது வீட்டு மனுஷன் கடிதம். படிப்பீங்கன்னுதான் நினைச்சேன். நீங்க வந்து கத்துவீங்கன்னு ரெண்டு நாள் வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்க டிக் போட்டு அனுப்பினீங்க."

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கம்பிக் கதவுக்கு உள்ளேயிருந்தே ஒரு உறையை நீட்டினார். என் சிவப்பு வட்டங்கள் போட்ட அதே காகிதம். எதற்காக இதை இத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்றேன். யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்று நினைத்தேன், யாரும் கேட்கவில்லை என்றார்.

தெருவிலேயே நின்று முதல் தடவையாக அந்தக் கடிதத்தைப் படித்தேன். தேதிகள் இல்லை. மேலாளரிடம் சொன்னது இல்லை. நோட்டில் எழுதியது இல்லை. நடுவில் அந்த வரி இருந்தது: சங்கிலி தேய்ந்திருப்பது தெரிந்தும், உத்தரவுக்குக் காத்திராமல், என் சொந்தப் பொறுப்பில் ஓட்டச் சொன்னேன். 'சொந்தப் பொறுப்பில்' என்பதற்கு 'ஆன்' போட வேண்டும், எல்லோரும் 'இன்' போட்டுச் சொதப்புவார்கள். அந்த 'ஆன்' தலையில்தான் என் டிக் இருந்தது.

மைத்துனன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு நாள் ஆயிற்று. ஆறு மாடிக் கடை ஒன்றில், தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில், கார்களை நிறுத்தும் இடத்தில் வேலை. கழுத்தில் விசில், மேலே மஞ்சள் சட்டை. ஒரு காரைப் பின்னுக்கு வரச்சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. காரைத் தூணுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்திவிட்டுத்தான் வந்தான்.

"வாங்கத்தான். அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?"

இல்லை என்று சொல்லிவிட்டு உறையைக் கொடுத்தேன். அவன் பிரிக்கவில்லை. எனக்குத் தெரியும் என்றான். விசாரணையிலேயே அந்த வரியை வாசித்துத் தமிழில் அர்த்தம் சொன்னார்களாம். நான் இப்படிச் சொல்லவில்லை என்று இவன் வாயைத் திறந்திருக்கிறான். உடனே கீழே இருந்த என் சுருக்கொப்பத்தைக் காட்டி, உன் அத்தான் பார்த்து ஒப்பம் வைத்திருக்கிறார், அவர் என்ன பொய்யா எழுதிக் கொடுத்தார் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் இவன் பேசவில்லை.

அப்போது நான் எல்லாவற்றையும் கொட்டினேன். தீனி, ஏழு வட்டம், டிக், நான் அந்த வரியைப் படிக்கவே இல்லை என்பது வரை. சொல்லச் சொல்ல எனக்குப் பாரம் இறங்கியது. அவனுக்கும் இறங்கும் என்று நினைத்தேன். மைத்துனன் உறையைப் பிரிக்காமலே என் கையில் திருப்பி வைத்தான்.

"படிக்கவே இல்லையா?"

"இல்லப்பா. சத்தியமா."

"நீங்க தெரிஞ்சுதான் விட்டீங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டிருந்தேன் அத்தான். மேலாளர் பக்கம் சாஞ்சுட்டீங்க, உங்க வேலைக்குப் பயந்துட்டீங்கன்னு. அப்படின்னா எனக்குப் புரியுது. பயம் யாருக்கு இல்ல. அதை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

மேலேயிருந்து ஒரு கார் சுற்றி இறங்கி வந்தது. விசிலை வாயில் வைத்தவன் எடுத்துவிட்டான்.

"இதை எப்படி மன்னிக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

காரைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான். அரை மணி நேரம் நின்றேன். அவன் பதினெட்டுக் கார்களை நிறுத்தினான். அக்காவிடம் ஏன் இதைச் சொல்லவில்லை என்று போகும்போது கேட்டேன். சொன்னால் அவள் உங்களோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவாள் என்று, அடுத்த காருக்குக் கை காட்டிக்கொண்டே சொன்னான்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். உன் தம்பியைப் பார்த்தேன் என்றேன். அவள் கை ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. இன்னும் அதே திமிரோடுதான் இருக்கிறானா என்றாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் அதைத்தான் விரும்பினான். ஆனால் அந்தக் காகிதம் சட்டைப் பையில் இருக்கும்போது அந்தத் திமிர் என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். வழக்கமாக எதையும் பத்து மடங்காக்கித்தான் சொல்வேன், அது என் சுபாவம். அன்றைக்கு உள்ளதை உள்ளபடியே சொன்னேன். அதுவே தாங்க முடியாத அளவுக்கு இருந்தது.

அவள் அழவில்லை, கத்தவில்லை. கையில் இருந்த தலையணை உறையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவன் தமிழ்ல எழுதிக் கொண்டு வந்ததை நான் உங்ககிட்ட நீட்டினேன்."

"ஆமா."

"நீங்க வாங்கல."

"ஆமா."

"அப்புறம் அந்த இங்கிலீஷ் காகிதத்தை எத்தனை தடவை பார்த்தீங்க?"

"மூணு தடவை."

"அந்த வரியில தப்பு ஏதாவது இருந்துச்சா?"

"இல்ல."

"அதான்," என்றாள்.

பிறகு எழுந்து உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். கைப்பையில் போனையும் கைக்குட்டையையும் போட்டாள். அந்தக் கடை எங்கே இருக்கிறது, எந்தத் தளம் என்று கேட்டாள். கீழே இரண்டாவது என்றேன். நானும் வருகிறேன் என்று செருப்பைத் தேடினேன். வேண்டாம் என்றுகூட அவள் சொல்லவில்லை. நான் அங்கே இல்லாதது மாதிரி என்னைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். முழங்கால் வலிக்காரி, படியில் எப்போதும் நின்று நின்றுதான் இறங்குவாள். அன்றைக்கு எங்கேயும் நிற்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் ஏதோ கேட்டாள், வழியாகத்தான் இருக்கும். அவர் கையை நீட்டிக் காட்டினார். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

மடித்த துணியெல்லாம் கட்டிலில் இருந்தது. எதை எந்த அலமாரியில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இருட்டும் வரைக்கும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.